லொங்குய்யில் மனச்சாட்சி வகுப்பு

வந்து இறங்கிய மறுநாள் காலை, குசினி மேசையில் கிடந்த என் தங்கையின் கைபேசி அதிர்ந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். திரையில் தமிழில் ஒரே ஒரு சொல் இருந்தது: சதி.

நான் மன்னார் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்களத்தில் சொல்லப்படும் சாட்சியத்தைத் தமிழுக்கும், தமிழில் வரும் அழுகையை ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றியே தலை நரைத்தது. சதி என்ற சொல்லைக் குற்றப்பத்திரிகைக்கு வெளியே நான் அதிகம் சந்தித்ததில்லை. அதைக் காலை அலாரத்துக்குப் பெயராக வைத்திருப்பவள் என் கூடப்பிறந்தவள் என்று கண்டதும், கையில் இருந்த தேநீரைக் குடிக்க மறந்து நின்றேன்.

ஜெசிந்தா வந்து அலாரத்தை நிறுத்தினாள். சோபாவில் கிடந்த தலையணை ஒன்றை எடுத்து நிலத்தில் போட்டாள். அதில் சப்பாணி கட்டி இருந்து கண்ணை மூடினாள். சுவரில் இருந்த மாதா படம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்தது. அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

“பாத்தியளோ அண்ணை?” என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். அவள் கணவன் அன்ரன், வேலைச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல நின்றான். “இதுதான் நான் போனில சொன்னது. ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். கேட்டா மூச்சைப் பாக்கிறனாம். மூச்சில பாக்க என்ன கிடக்கு?”

அவன் போனில் சொன்னதுதான் என்னை மொன்ட்ரியாலுக்குக் கொண்டு வந்தது. விசயம் இவ்வளவுதான். ஜெசிந்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வீடு இந்தப் பக்கம், மொன்ட்ரியால்-நோரில். காலை வேலைக்கு நேரத்துக்குப் போவதென்றால் மெட்ரோவில் மஞ்சள் பாதையைப் பிடித்து, ஆற்றுக்கு அடியால் போகும் சுரங்கத்துக்குள்ளால் போகவேண்டும். பனிக்காலம் தொடங்கிய நேரம் ஒரு நாள் அந்தச் சுரங்கத்தில் ரயில் சற்று நேரம் நின்றதாம். அன்றைக்கு நடுங்கிக்கொண்டு இறங்கியவள், அதன்பிறகு மெட்ரோப் படியில் கால் வைக்கவில்லை. பேருந்தில் போனால் வேலை தொடங்கி வெகு நேரம் கழித்துத்தான் போய்ச் சேரலாம். அன்ரன் கொண்டுபோய் விடுவதற்கு அவனுடைய தொழிற்சாலை வேறு திசையில் இருக்கிறது, அவன் அதற்கு முதலே போய்விட வேண்டும். வேலையிடத்தில் லீவு கொடுத்தார்கள். லீவு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் போகாவிட்டால் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள்.

இதற்கு மருந்து என்று யாரோ ஒரு நர்ஸ் ஒரு வகுப்பைச் சொல்லியிருக்கிறாள். “புத்த சமயம் அண்ணை. நான் போனில தேடிப் பாத்தனான், எல்லாத்திலயும் புத்தர்தான் வாறார். நீங்கள் வந்து ஒருக்கா மறியுங்கோ, நீங்கள் சொன்னா கேப்பாள்” என்றான் அன்ரன்.

மன்னாரில் இருந்து வந்த ஒரு கத்தோலிக்கனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் புத்தர் முதலில் ஒரு அரசமரத்தின் கீழ் தனியாக வருவார். பிறகு கூரை வரும். பிறகு வேலி வரும். வேலிக்குக் காவல் வரும். அதற்குப் பிறகு அந்தக் காணி யாருடையது என்ற வழக்கு நீதிமன்றத்துக்கு வரும், அதில் நான் உரைபெயர்த்திருக்கிறேன். இந்த வழியை அறிந்தவன் என்பதால்தான் ஓய்வு பெற்ற கிழவன் குளிருக்குள் வந்து இறங்கினேன்.

கண்ணைத் திறந்தவளிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். “சதி எண்டா உனக்கு என்னெண்டு தெரியாதோ?”

“அது தமிழ்ச் சதி அண்ணை. இது வேற. அந்தக் காலத்துப் பேராம், ரீச்சர் சொன்னவ” என்றாள். “பிட்டு அவியுது, இருங்கோ.”

சிங்களத்தில் சதிய என்றால் ஒரு கிழமை, ஏழு நாள். தமிழில் சதி என்றால் சூழ்ச்சி. இதில் எது என்று நான் கண்டுபிடிக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பிட்டைச் சாப்பிட்டேன். பிட்டு மட்டும் பழைய ஜெசிந்தாவின் பிட்டுத்தான்.

அன்று பகல் முழுவதும் மொன்ட்ரியால்-நோரைச் சுற்றிப் பார்த்தேன். வீடுகளுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிகள். பனி உருகிக் கறுத்துச் சேறாகி, சப்பாத்துக்குள் புகுந்தது. மூலையில் இருந்த கடைக்குப் பெயர் தெப்பனர். பால், சிகரெட், லொத்தர் சீட்டு விற்கும் சின்னக் கடை. சொல்லின் கருத்து ‘இக்கட்டில் இருந்து தூக்கிவிடுபவர்’ என்று பின்னேரம் அன்ரன் சொன்னான். பால்மா விற்பவனுக்கு இவ்வளவு பெரிய பட்டமா என்று எனக்குப் பட்டது. இந்த ஊரில் சொற்கள் செய்வதற்கு மேலாகச் சொல்கின்றன, கவனமாக இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை வகுப்பு. நானும் வருகிறேன் என்றதும் ஜெசிந்தா மறுக்கவில்லை. மறுக்காதது என் சந்தேகத்தைக் கூட்டியது. குற்றவாளிகள்தான் முதலில் ஒத்துழைப்பார்கள்.

பேருந்தில் போனோம். பாலத்தைத் தாண்டும்போது கீழே ஆறு பாதி பனிக்கட்டியாகக் கிடந்தது. இறங்கவேண்டிய இடத்தில் அவள் முன்கதவால் இறங்கிவிட்டாள். நான் பின்கதவில் மரியாதையாக நின்றேன், அது தானாகத் திறக்கும் என்று. திறக்கவில்லை. பேருந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போனது. “கதவைத் தள்ளுங்கள், ஐயா, அது உங்களுக்காகக் காத்திருக்கிறது” என்று ஒரு கிழவி பிரெஞ்சிலும் கையிலும் சொல்லிக் காட்டினாள். அடுத்த தரிப்பில் தள்ளினேன், திறந்தது. எங்கள் ஊரில் பேருந்துக்குக் கதவே பூட்டுவதில்லை, அதனால் இந்த அறிவு எனக்கு வாய்க்கவில்லை. சேற்றில் திரும்பி நடந்தபோது, வகுப்பு நடக்கும் கட்டடத்தைத் தூரத்திலேயே கண்டுவிட்டேன்.

அது ஒரு கோயில். நான் சொல்வது மாதா கோயில், கத்தோலிக்கக் கோயில். கோபுரம் இருந்தது, சிலுவை இல்லை. இந்த மாகாணத்தில் பூசைக்கு ஆள் வராமல் கோயில்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சில வீடாகிவிட்டன, சில உடற்பயிற்சிக் கூடமாகிவிட்டன. இது மூச்சு விடும் இடமாகியிருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கோயிலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கடவுள் போன பிறகு இவர்கள் கழற்றப் பழகியிருக்கிறார்கள் என்று எனக்குள் சிரித்தேன்.

உள்ளே பீடம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சுவரோரத்தில் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டி அப்படியே இருந்தது. குருவானவர் உள்ளே இருக்க, நாங்கள் வெளியே முழங்காலில் நின்று பாவங்களைச் சொல்வோமே, அந்த மரக் கூடு. அதன் கதவைத் திறந்து ஒவ்வொருவராக வட்டத் தலையணைகளை எடுத்தார்கள். என் தங்கையும் எடுத்தாள். எனக்கும் ஒன்று எடுத்துத் தந்தாள்.

காவி உடுத்த ஒரு பிக்குவை எதிர்பார்த்திருந்தேன். வந்தவள் மிஷ்லின் என்ற நடுவயதுப் பெண், உடம்போடு ஒட்டிய காற்சட்டை, கழுத்தில் கம்பளித் துணி. ஒரு காலத்தில் வைத்தியசாலையில் எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்கியவளாம். முதலில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரேயொரு பிளம்ஸை வைத்தாள். கேக்குக்குப் போடும் உலர்ந்த திராட்சையைத்தான் எங்கள் ஊரில் பிளம்ஸ் என்போம். அதைப் பார்க்கச் சொன்னாள், உருட்டச் சொன்னாள், காதில் வைத்துக் கேட்கச் சொன்னாள். நான் வாயில் போட்டு விழுங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. பிறகு வெறுங்கையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்ன எண்ணம் வந்தாலும் வரட்டும். நல்லது, கெட்டது என்று தீர்ப்பிடாதீர்கள். பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்” என்று அவள் பிரெஞ்சிலும் பிறகு எனக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். நான் ஒரு கண்ணைத் திறந்து ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடும் சாயல் எதுவும் இல்லை. நெற்றி சுருங்கி, உதடு அசைந்து, யாரிடமோ முறையிடுகிறவள்போல இருந்தாள்.

தேநீர் நேரத்தில் மிஷ்லினை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு விசாரணையைத் தொடங்கினேன்.

“புத்தர் எங்கே?”

“இங்கே புத்தர் கிடையாது. இது சமயம் அல்ல” என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை.

“அப்படியென்றால் இதை யாரிடம் கற்றீர்கள்?”

வைத்தியசாலையில் ஒரு மருத்துவரிடம் என்றாள். அவர் அமெரிக்காவில் ஒரு வைத்தியசாலையில் கற்றாராம். தீராத வலிக்காரருக்காக அங்கே இதைத் தொடங்கினார்களாம். ஊதுபத்தியை எடுத்துவிட்டார்கள், சிலையை எடுத்துவிட்டார்கள், மந்திரத்தை எடுத்துவிட்டார்கள், மூச்சை மட்டும் வைத்தார்கள். அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்று விடாமல் கேட்டேன். இளவயதில் முதுகில் பையோடு ஆசியாவுக்குப் போனவர்கள் சிலர் கொண்டு வந்தார்கள் என்றாள். பர்மாவில் வெள்ளைக்காரன் அரசனை நாடு கடத்தியபோது, சமயமே அழிந்துவிடும் என்று பிக்குகள் பயந்து, அதுவரை மடத்துக்குள் இருந்த இந்தப் பயிற்சியைக் கடைக்காரனுக்கும் எழுதுவினைஞனுக்கும் சொல்லிக் கொடுத்தார்களாம். அங்கிருந்துதான் கிளை பிரிந்து இந்தக் கரை வரை வந்ததாம்.

சொன்னவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னது. நீதிமன்றத்தில் இதற்குக் கேள்விச் சாட்சியம் என்று பெயர், ஏற்கமாட்டார்கள். இருந்தாலும் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. ஊரைப் பறிகொடுத்தவர்களின் பயத்தில் வெளியே வந்த ஒன்று, ஊரைப் பறித்தவர்களின் பிள்ளைகளுடைய நித்திரைக்கு மருந்தாகியிருக்கிறது.

“இப்போது பள்ளிக்கூடத்தில் உண்டு, வங்கியில் உண்டு, சிறையில் உண்டு. சில நாடுகளில் சிப்பாய்களுக்கும் பழக்குகிறார்கள்” என்று அவள் சந்தோசமாகச் சொன்னாள்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஷெல் அடிக்கிறவனுக்கும் இதுதான், அதற்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்தவளுக்கும் இதுதான் என்றால், இது என்ன மருந்து? இன்னொன்றும் கேட்டேன். என் தங்கை வேலை செய்யும் இல்லத்தில் ஒரு மாடி முழுக்கக் கிழவர்களுக்கு ஆள் போதாது, அவள் இரண்டு பேருடைய வேலையைச் செய்கிறாள். ஆளைக் கூட்டாமல் மூச்சைக் கூட்டச் சொல்கிறார்களா என்றேன். மிஷ்லின் கோபிக்கவில்லை. “அது நல்ல கேள்வி” என்றாள். பதில் சொல்ல விருப்பமில்லாத நீதவான்களும் இப்படித்தான் சொல்வார்கள்.

கடைசியாகச் சதியைக் கேட்டேன். பாளிச் சொல் என்றாள். சொன்னதும் எனக்குச் சிங்களம் ஓடி வந்தது. இதே சொல்தான் அங்கே சிஹி என்று ஆகியிருக்கிறது. சிஹி புத்தியோடு எழுதிய மரண சாசனம் என்பதை எத்தனையோ தரம் சித்த சுவாதீனத்தோடு என்று உரைபெயர்த்திருக்கிறேன். ஆனால் சாட்சிக்காரனைப் பார்த்துச் சிஹி செய்து பார் என்றால், நினைத்துப் பார், ஞாபகப்படுத்திப் பார் என்று கருத்து. “உங்களுடைய சொல்லுக்கு அடியில் நினைவு என்றுதான் இருக்கிறது. நீங்களோ விட்டுவிடச் சொல்கிறீர்கள்” என்றேன்.

“மிகவும் சுவாரசியம்” என்றாள் மிஷ்லின். தேநீர்க் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

பசி எடுத்தது. தெருமுனைக் கடையில் பூட்டின் என்ற சாப்பாடு வாங்கினேன். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பால்கட்டித் துண்டுகள், அதன் மேல் சுடச்சுட மண்நிறக் குழம்பு. பால்கட்டி பல்லில் கீச்சிடும். வாய்க்குள் வைக்கப் போன நேரம் ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள்.

“அண்ணை, இண்டைக்கு வெள்ளி. தபசு காலம், இறைச்சி கூடாது. அந்தக் குழம்பு இறைச்சியில செய்யிறது.”

மதம் மாறியவளைப் பிடிக்க வந்த நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவள் தன் பையில் இருந்து பாணும் சம்பலும் எடுத்துத் தந்தாள். என் வழக்கில் இது முதல் ஓட்டை.

திரும்பும் பேருந்தில் கேட்டேன், “இந்த வகுப்புக்கு என்ன பேர்?”

“பிளென் கொன்சியான்ஸ்.”

“அப்பிடியெண்டா?”

“முழு மனச்சாட்சி” என்றாள், என்னைப் பார்க்காமல்.

வாசல் பலகையில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள், நான் வாசித்தேன். மைன்ட்புல்னெஸ். விழிப்பாக இருப்பது, கவனமாக இருப்பது என்று சொல்லலாம். பிரெஞ்சில் விழிப்புக்கும் மனச்சாட்சிக்கும் ஒரே சொல் போலிருக்கிறது. என் தங்கை தவறான கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறாள்.

“முதல் நாள் வந்தன். கோயில். மூலையில பாவசங்கீர்த்தனத் தொட்டி. பலகையில மனச்சாட்சி எண்டு கிடக்கு. ரீச்சர் கண்ணை மூடி உள்ளுக்குப் பாருங்கோ எண்டா. நாங்கள் சின்னனில பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் செய்த பாவத்தையெல்லாம் நினைச்சுப் பாத்து ஆத்தும சோதனை செய்யிறனாங்களெல்லே, அதுதான் எண்டு நினைச்சன். அப்ப நானும் பாத்தன் அண்ணை. நல்லாப் பாத்தன்.”

பாலம் வந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னதை, வெட்டாமல் சுருக்கித் தருகிறேன். ரயில் நின்ற அன்றைக்கு அவளைப் பயப்படுத்தியது சுரங்கமும் இருட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், அவளும் அப்படித்தான் நினைத்தாள். கண்ணை மூடி மூடிப் பார்த்தபோதுதான் அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நடந்தது நினைவுக்கு வந்தது. பெட்டி நெருக்கமாக இருந்தது. கதவு மூடும் நேரம் ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஏறப் பார்த்தாள். வாசலில் நின்ற ஜெசிந்தாவின் வாய், பிரெஞ்சில், இடமில்லை என்று சொன்னது. கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் முகம். பிறகுதான் சுரங்கம், பிறகுதான் நடுக்கம்.

“இந்தச் சொல்லை நான் முதலும் ஒருக்கா சொன்னனான் அண்ணை. பங்கர் வாசலில. ரீட்டா அக்காவுக்கு.”

ரீட்டா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அந்த ஷெல்லடி நாளில் நான் பட்டணத்தில் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டேன், இந்தக் கதை எனக்குத் தெரியாது. நடக்க முடியாத மாமனாரைத் தோளில் தாங்கிக்கொண்டு ரீட்டா எங்கள் காணியில் இருந்த பங்கருக்கு ஓடி வந்திருக்கிறாள். வாசலில் இருந்த ஜெசிந்தா இடமில்லை என்றிருக்கிறாள். ரீட்டா கோயிலடிக்கு ஓடினாள். இரண்டு பேரும் தப்பினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

“இடம் இருந்தது அண்ணை” என்றாள் ஜெசிந்தா. “கொஞ்சம் ஒதுங்கியிருந்தா ரெண்டு பேருக்கும் இடம் இருந்தது.”

அந்த ரீட்டா இப்போது இருப்பது கர்க்லாண்டில். இந்த மாநகரத்தின் மேற்குக் கரையில், பெரிய வீடுகள் உள்ள இடத்தில். இத்தனை வருடமாக நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் இரண்டு வீட்டுக்காரரும் ஒருவருக்கொருவர் கேக் அனுப்புகிறார்கள். நான் வந்திருப்பதை அறிந்து சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டிருந்தாள்.

காரில் போகும் வழியெல்லாம் அன்ரன் என்னை உள்கண்ணாடியில் பார்த்து, என்ன முடிவு என்று கண்ணால் கேட்டான். நான் விசாரணை முடியவில்லை என்று கையால் காட்டினேன். கர்க்லாண்ட் வீடுகள் ஒன்றுக்கொன்று தூரத் தூர நின்றன, வாசலில் ஆளைக் காணோம்.

ரீட்டா கணவாய்க் கறியும் நண்டும் சமைத்திருந்தாள். மன்னார் மணம் வாசலிலேயே வந்தது. எல்லாரும் மேசையில் இருந்தபிறகு, அவள் சோற்றுக் கரண்டியோடு நின்றபோது, ஜெசிந்தா எழும்பினாள்.

“ரீட்டா அக்கா, அண்டைக்கு பங்கரில இடம் இருந்தது. நான் இல்லையெண்டு சொன்னனான்.”

அன்ரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரீட்டா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். மறந்துவிட்டேன் என்பாள், அதெல்லாம் பழங்கதை என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஓம், சொன்னனீ” என்றாள் ரீட்டா. “நான் மறக்கேல்லை. மாமாவை இழுத்துக்கொண்டு கோயிலடிக்கு ஓடேக்க உன்னில எனக்குச் சரியான கோவம். பேந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் உன்ர கேக்கை வெட்டேக்க நினைப்பன், இவள் எப்ப வாய் திறப்பாளெண்டு.”

“மன்னிக்க ஏலுமோ அக்கா?”

“மன்னிச்சிட்டன் எண்டு சும்மா சொல்ல மாட்டன். சொல்லிட்டாய், அது காணும் இப்போதைக்கு. இரு, சோறு ஆறுது.”

ஜெசிந்தா இருந்தாள். ரீட்டா அவளுக்குத்தான் முதலில் பரிமாறினாள், நண்டின் பெரிய காலை அவள் தட்டில் வைத்தாள். நான் என் வாழ்நாளில் நிறையத் தீர்ப்புகளை உரைபெயர்த்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒன்றைக் கேட்டதாக நினைவில்லை, அதனால் கண் கலங்கியது. கறி உறைப்பு என்று சமாளித்தேன்.

ஆனால் ஒரு சங்கடம் எனக்குள் தொடங்கியிருந்தது. வகுப்பின் பெயரை அவள் பிழையாக விளங்கியிருக்கிறாள். பிழையான மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் விடுவது என் தொழிலில் குற்றம், சத்தியம் செய்துதான் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். திங்கள் காலை அவள் படி இறங்கவேண்டும். இப்போது போய், அம்மா, அது மனச்சாட்சி இல்லை, வெறும் கவனம், நீ இவ்வளவு நாளும் செய்தது அவர்கள் சொல்லாத ஒன்று என்றால், காலுக்குக் கீழே இருக்கும் பலகையை உருவுவதுபோல ஆகிவிடாதா? சொல்லாமல் விட்டால், வந்த வேலையை நான் செய்ததாகுமா?

ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனோம். ஜெசிந்தா நற்கருணை வாங்கினாள், புத்த வகுப்புக்குப் போகிறாளாம் என்று கேள்விப்பட்டு, கோயில் வாசலில் அவளோடு கதைக்காமல் விலகி நின்ற இரண்டு பெண்களுக்கும் தானாகப் போய் வணக்கம் சொன்னாள். பூசை முடிந்து அன்ரன் காரை எடுக்கப் போனபோது, பால் வாங்கவென்று நானும் அவளும் தெப்பனருக்குள் புகுந்தோம். குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று நான் தொண்டையைச் செருமினேன்.

“ஜெசி, அந்த வகுப்பின்ர பேர்...”

“தெரியும் அண்ணை.”

“என்ன தெரியும்?”

“அது மனச்சாட்சி இல்லையெண்டு. நான் இஞ்ச எத்தனை வருசமா இருக்கிறன், வேலையில கிழவிகளோட முழுநாளும் பிரெஞ்சுதான் கதைக்கிறன். ரீச்சர் நெடுக தீர்ப்பிடாதேங்கோ, தீர்ப்பிடாதேங்கோ எண்டுறா. மனச்சாட்சி வகுப்பில தீர்ப்பிடாம என்னத்தைச் செய்யிறது? மூண்டாம் கிழமையே எனக்கு விளங்கீட்டுது.”

“அப்ப ஏன் எனக்கு முழு மனச்சாட்சி எண்டனீ?”

“எனக்கு அது அதுதானே” என்றாள். பால் பெட்டியின் திகதியைத் திருப்பிப் பார்த்தாள். “மற்றவை மூச்சைப் பாக்கினம், பாக்கட்டும். சிலருக்கு நித்திரை வருதாம், நல்லது. நான் துவங்கினதை விடேல்லை. பிழையா விளங்கினதுதான் எனக்குச் சரி வந்தது.”

பர்மாப் பிக்கு பயத்தில் கொடுத்ததை, பையோடு போனவன் வேறு எதற்கோ எடுத்திருக்கிறான். அவன் கொண்டு வந்ததை வைத்தியசாலை வலிக்கு எடுத்திருக்கிறது. வைத்தியசாலை கொடுத்ததைக் கம்பனிகள் ஆள் போடாமல் இருக்க எடுத்திருக்கின்றன. வழி நெடுக யாரும் மற்றவன் சொன்னதைச் சரியாக உரைபெயர்க்கவில்லை. என் தங்கையும் பிழையாகத்தான் எடுத்தாள். ஆனால் அந்தப் பழைய சொல்லுக்கு அடியில் கிடந்த நினைவு என்ற கருத்துக்கு, நான் பார்த்தவர்களில் அவள்தான் கிட்டப் போனாள். கம்பனிகள் மேல் எனக்கு இருந்த சந்தேகம் அப்படியே இருக்கிறது. அதை விடுகிற எண்ணமும் இல்லை.

பின்னேரம் அன்ரன் என்னை வெளிப்படியில் பிடித்தான். “என்னண்ணை, புத்தரோ இல்லையோ?”

“இல்லை. அவரையும் உள்ளுக்கு விடேல்லை” என்றேன். “நீர் பயப்பிடாதையும். அலாரத்தின்ர பேரை மட்டும் மாத்தச் சொல்லும், பாக்கிறவன் பொலிசுக்கு அறிவிப்பான்.”

திங்கள் காலை நானும் அவளோடு போனேன். முதலில் பேருந்து, பிறகு மெட்ரோப் படி. மேல்படியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருவர் நேரத்தைப் பற்றி ஏதோ முறுமுறுத்தார். அவள் கண்ணை மூடுவாள், மூச்சைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிலுவை அடையாளம் போட்டாள், இறங்கினாள். கடைசிப் படி வரை என் கையை மட்டும் விடவில்லை.

மஞ்சள் பாதை தொடங்கும் மேடையில் நல்ல கூட்டம். ரயில் வந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு ஏறினோம். அவள் நின்றது பழையபடி வாசலில்தான், வேறு இடம் கிடைக்கவில்லை. கதவு மூடப்போகும் மணி ஒலித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய உடம்புக்காரி, இரண்டு கையிலும் பைகளோடு, மேடையில் மூச்சிரைக்க ஓடி வந்து எங்கள் கதவுக்கு முன்னால் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். தயங்கினாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா முதுகால் என்னை நெரித்தாள். நான் பின்னால் இருந்தவரை நெரித்தேன். அவர் பிரெஞ்சில் திட்டினார். ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வாசலில் இடைவெளி வந்தது.

“வாங்கோ, வாங்கோ, இடமிருக்கு” என்றாள் என் தங்கை. தமிழில்.

அந்தப் பெண் ஏறினாள், மெர்சி என்றாள். கதவு மூடியது, ரயில் ஆற்றுக்குக் கீழே இறங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கு உரைபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.